சிமோன் பைல்ஸ் பாதியில் விலகியதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்களுக்கும் புரியட்டும். சென்னையில் ஒரு அப்பா. மகளுக்கு 12 வயது, சில வருடங்களாக ஜிம்னாஸ்டிக்ஸ் போகிறாள். கொஞ்ச நாளாக, ஓடி வந்து மேஜை மாதிரியான கருவியில் கை ஊன்றித் தாண்டுகிற வால்ட் பக்கமே போக மறுக்கிறாள். கோச் திட்டினால், “சிமோன் பைல்ஸே ஒலிம்பிக்ஸ்ல வேண்டாம்னு வந்துட்டாங்க, அவங்கள யாரும் திட்டலையே” என்கிறாளாம். பைல்ஸ் உலகப் புகழ் பெற்ற அமெரிக்க ஜிம்னாஸ்ட். அப்பாவுக்குக் கோபம். பாதியில் விட்டுவிட்டு வந்த ஒருவரை மனநலம், குழந்தைகள் உரிமை என்றெல்லாம் சொல்லி ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், இது பிள்ளைகளுக்குத் தப்பான பாடம் இல்லையா என்று கேட்கிறார். கேள்வி பைல்ஸைப் பற்றியது மாதிரி இருந்தாலும், உள்ளே இருப்பது வேறு என்று நினைக்கிறேன். என் பிள்ளை “முடியாது” என்று சொல்லும்போது அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்வதா, பயம் என்று எடுத்துக்கொள்வதா, இல்லை நமக்குத் தெரியாமல் வேறு ஏதாவது நடந்துவிட்டதா என்பதுதான் உங்கள் கவலை. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் விளையாட்டு விடுதிகளிலும் பயிற்சி மையங்களிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் இல்லை, அதனால் வால்டின் நுணுக்கங்களை உங்கள் கோச்சிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை, அதனால் அவளுக்கு இன்னதுதான் என்று இங்கிருந்து சொல்லவும் மாட்டேன், அப்படிச் சொல்கிற யாரையும் நீங்கள் நம்பவும் வேண்டாம்.

முதலில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் என்ன நடந்தது என்பதைச் சரியாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் “மனசு சரியில்லை என்று வந்துவிட்டார்” என்கிற ஒற்றை வரியில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. 2021 ஜூலை 27, பெண்கள் அணிப் போட்டியின் இறுதிச் சுற்று. அமெரிக்க அணிக்கு முதல் சுற்றே வால்ட். பைல்ஸ் செய்ய நினைத்தது அமனார் என்கிற வால்ட்: ஓடி வந்து, கைகளை ஊன்றிப் பின்பக்கமாக மேஜை மேல் போய், காற்றில் இரண்டரை முறை உடம்பை முறுக்கிக்கொண்டு இறங்குவது. அன்றைக்கு அவர் ஒன்றரை முறை சுற்றியதோடு நின்றுவிட்டார். காற்றில் இருக்கும்போதே தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது. எப்படியோ காலில் இறங்கி, ஆழமாகக் குந்தி, முன்னால் ஒரு பெரிய எட்டு வைத்துச் சமாளித்தார். கிடைத்தது 13.766, அவருடைய தரத்துக்கு மிகவும் குறைவு. அணி மருத்துவரோடு உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தவர், மேலே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மற்ற மூன்று பேருக்கும் கைதட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். அணிக்கு வெள்ளி கிடைத்தது.

ஜிம்னாஸ்ட்கள் இதை ட்விஸ்டீஸ் என்பார்கள். இது பதற்றம் மட்டும் இல்லை, மனநோயும் இல்லை. ஆயிரக்கணக்கான முறை செய்து செய்து உடம்பே தானாகச் செய்கிற ஒரு அசைவு திடீரென்று அறுந்துபோவது. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாதபோது ஒரு கணம் வயிறு கலங்குமே, அதைத் தலைகீழாக, ஆள் உயரத்துக்கு மேலே, வேகமாகச் சுழன்றுகொண்டே அனுபவிப்பதாக நினைத்துப் பாருங்கள். எப்படி விழுகிறோம் என்று தெரியாமல் விழுந்தால் கால் உடையலாம், கழுத்தும் உடையலாம். மன அழுத்தம், தூக்கமின்மை, பழைய அதிர்ச்சி எல்லாம் இதைக் கிளறிவிடலாம் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் பரவலாக ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் குறிப்பிட்ட ஒருவருக்குக் குறிப்பிட்ட நாளில் ஏன் வந்தது என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, பைல்ஸுக்கும் அப்படித்தான்.

அவர் மொத்தமாக ஓடிவிடவும் இல்லை. எல்லாக் கருவிகளையும் சேர்த்துப் பார்க்கிற தனிநபர் ஆல்ரவுண்ட், வால்ட், பார்ஸ் (இரட்டைக் கம்பி), ஃப்ளோர் (தரைப் பயிற்சி) இறுதிப் போட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக விலகினார். இடைப்பட்ட நாட்களில் டோக்கியோவுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் ஜிம்மில், மெத்தைகள் நிரப்பிய குழிக்கு மேலே, திரும்பத் திரும்ப முயன்று பார்த்தார். கடைசியில் ஆகஸ்ட் 3 அன்று பீமில் (ஒடுக்கமான கட்டை மேல் செய்வது) மட்டும் இறங்கினார், அதிலும் முறுக்கிச் சுழன்று இறங்குகிற முடிவை எடுத்துவிட்டு முறுக்கே இல்லாத ஒரு முடிவை வைத்துக்கொண்டார். வெண்கலம் வாங்கினார். எது தன்னால் முடியும், எது இன்றைக்கு ஆபத்து என்று பிரித்துப் பார்த்த வேலை அது. உங்கள் மகளிடம் பேசும்போது இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள், பொதுவாக எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி இதுதான்.

சரி, விலகாமல் இருந்தால் என்ன ஆகும்? எலேனா முகினா என்று ஒரு சோவியத் ஜிம்னாஸ்ட், 1978 உலக சாம்பியன். கால் முறிந்து சரியாக ஆறுவதற்குள் பயிற்சிக்குத் திரும்ப வைக்கப்பட்டவர். ஃப்ளோரில் தாமஸ் சால்ட்டோ என்கிற ஆபத்தான ஒரு வித்தையைச் சேர்க்கச் சொன்னார்கள். இதைச் செய்தால் என் கழுத்து உடைந்துவிடும் என்று கோச்சிடம் சொன்னதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மின்ஸ்கில் பயிற்சியில் கழுத்து உடைந்தது. அப்போது அவருக்கு 20 வயது. கை கால் செயல் இழந்து இருபத்தாறு வருடம் வாழ்ந்து 2006இல் இறந்தார். அந்தப் பெண் “முடியாது” என்று சொல்லாமல் இல்லை, சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் கெர்ரி ஸ்ட்ரக், 18 வயது, முதல் வால்டில் கணுக்காலில் தசைநார் கிழிந்த பிறகும் இரண்டாவது வால்டுக்கு ஓடினார், ஒற்றைக் காலில் நின்று நடுவர்களுக்குக் கைதூக்கிவிட்டு மண்டியிட்டுச் சரிந்தார். கோச் அவரைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போன படம் அமெரிக்கா முழுக்க வீரத்தின் அடையாளமாக ஆனது. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது, அந்த இரண்டாவது வால்ட் இல்லாமலே தங்கம் கிடைத்திருக்கும் என்று தெரிந்தது. ஸ்ட்ரக்கின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தப் படம் சொல்லிக்கொடுத்தது, வலித்தாலும் வாயைத் திறக்காதே என்பதைத்தான்.

இப்போது குழந்தைகள் உரிமைக்கு வருகிறேன், ஏனென்றால் பைல்ஸ் விஷயத்தில் மனநலமும் உரிமையும் தனித்தனி இல்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம்பெண்களையும் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியவர். தானும் அதில் ஒருத்தி என்று பைல்ஸ் 2018 ஜனவரியில் வெளியே சொன்னார். அந்த மாதமே மிச்சிகன் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்டவர்கள் வரிசையாக வந்து பேசிய பிறகு நாசருக்கு 40 முதல் 175 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இது செய்திகளில் எல்லோரும் படித்ததுதான். பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பின்னால் இருந்த சூழல்.

டெக்சஸில் ஹண்ட்ஸ்வில் ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருந்த கரோலி பண்ணைதான் தேசிய அணியின் பயிற்சி மையம். பெற்றோர் அங்கே தங்க முடியாது. ஃபோன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. எடை, சாப்பாடு, எத்தனை மணி நேரம் பயிற்சி, காயத்தோடு ஆடுவதா இல்லையா, எல்லாமே மேலே இருப்பவர்களின் முடிவு. அணிக்குத் தேர்வு செய்வதும் அவர்களேதான், அதனால் வலிக்கிறது என்று சொன்னால் இடம் போய்விடும் என்று பிள்ளைகள் பயந்தார்கள். பசியோடு இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு ரகசியமாகச் சாப்பிட ஏதாவது கொண்டுவந்து கொடுத்து, சிரித்துப் பேசி, “எப்படிம்மா இருக்கே” என்று விசாரித்த ஒரே பெரியவர் நாசர். அப்படித்தான் அவர்களுடைய நம்பிக்கையைப் பிடித்தார். இதைப் பல பேர் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கண்டிப்பு என்ற பெயரில் பிள்ளையின் பசி, வலி, பயம் எதையும் பொருட்படுத்தாத ஒரு இடம், கெட்டவன் ஒருவன் நல்லவனாகத் தெரிவதற்குத் தானே வசதி செய்துகொடுத்துவிடுகிறது. தன் உடம்பு சொல்வதை நம்பாதே என்று தினமும் பழக்கப்பட்ட பிள்ளைக்கு, இந்தத் தொடுகை சரியில்லை என்று உடம்பு சொல்லும்போது மட்டும் அதை எப்படி நம்பத் தெரியும்? என் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம் இது. கடுமையான பயிற்சி தப்பு இல்லை, “வலிக்கிறது”, “பயமாயிருக்கிறது” என்று சொன்னால் தண்டனை கிடைக்கிற பயிற்சிதான் தப்பு.

அப்புறம் பெற்றோர் பக்கத்தில் இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். நாசர் சில பிள்ளைகளை அம்மாவோ அப்பாவோ அதே அறையில் இருக்கும்போதே, தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, கொடுமை செய்தார். 1997இலேயே மிச்சிகனில் ஒரு பதின்ம வயதுப் பெண் வாய்விட்டுச் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. 2015 ஜூலையில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குத் தகவல் போனது. அதற்கப்புறமும் ஒரு வருடத்துக்கு மேல் அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த இடைவெளியில் மட்டும் ஏறத்தாழ 70 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டதாக 2021இல் அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை சொன்னது. ஒரு பெண் ஃபோனில் மணிக்கணக்கில் சொன்னதை அதிகாரிகள் ஒரு வருடத்துக்கும் மேல் எழுதிக்கூட வைக்கவில்லை.

டோக்கியோ முடிந்து ஆறே வாரத்தில், 2021 செப்டம்பர் 15 அன்று, பைல்ஸ் இன்னும் மூன்று ஜிம்னாஸ்ட்களோடு அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து அழுதுகொண்டே சாட்சி சொன்னார். நாசரை மட்டும் இல்லை, அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒட்டுமொத்த அமைப்பையும் குற்றம்சாட்டுகிறேன் என்றார். அன்றைக்கு எஃப்பிஐ இயக்குநர் அதே குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். இதில் இன்னொரு விஷயம் முக்கியம். தான் தொடர்ந்து போட்டியில் இருப்பதற்கே ஒரு காரணம், பாதிக்கப்பட்டவர்களில் ஒருத்தியாவது களத்தில் இல்லாவிட்டால் இதை மூடி மறைத்துவிடுவார்கள் என்பதுதான் என்று டோக்கியோவுக்கு முன்பே அவர் சொல்லியிருந்தார். அவ்வளவு பாரத்தையும் தோளில் போட்டுக்கொண்டு 24 வயதில் அந்த வால்டை நோக்கி ஓடியவரைத்தான் நாம் “பாதியில் விட்டுவிட்டார்” என்கிறோம்.

குழந்தைகள் மேல் அவருக்கு இருக்கிற அக்கறை இங்கே தொடங்கியதும் இல்லை. ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர், அம்மா போதைப் பழக்கத்தில் இருந்ததால் சின்ன வயதிலேயே அரசு ஏற்பாட்டில் வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தார். தான் பசியோடு இருக்க, வீட்டைச் சுற்றி வந்த ஒரு பூனைக்குச் சாப்பாடு வைப்பார்கள், எனக்கு எங்கே என்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அந்த நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பிறகு அவரையும் தங்கை அட்ரியாவையும் அம்மாவழித் தாத்தா ரான் பைல்ஸும் அவர் மனைவி நெல்லியும் டெக்சஸுக்கு அழைத்துப்போய் 2003இல் சட்டப்படி தத்தெடுத்தார்கள். தாத்தா பாட்டி வளர்த்த பிள்ளை என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கிற பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பல வருடம் கூடவே இருக்கிற வழிகாட்டியை ஏற்பாடு செய்கிற ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த சில்ட்ரன் அமைப்பு என்று அவர் இப்போதும் வேலை செய்வது அந்த அனுபவத்திலிருந்துதான்.

இதனால் எல்லாம் உண்மையில் ஏதாவது மாறியதா என்றால், சிலவற்றை உறுதியாகச் சொல்லலாம், சிலவற்றைச் சொல்ல முடியாது. அந்தப் பண்ணைக்கு மறுபடி போய்ப் பயிற்சி செய்வதை நினைத்தாலே மனசு உடைகிறது என்று 2018 ஜனவரியில் பைல்ஸ் எழுதிய மூன்றாவது நாள், ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் அந்த இடத்தோடு உறவை முறித்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து குரல் கொடுத்ததில் 2018 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது, சிறார் விளையாட்டு வீரர்களோடு பழகுகிற பெரியவர்கள் கொடுமை பற்றிச் சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். 2020இல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் மேல் அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு இன்னும் அதிகாரம் கொடுக்கிற சட்டம் வந்தது. இதெல்லாம் ஒரு தனிமனிதரின் சாதனை இல்லை. முதலில் தன் பெயரைச் சொல்லி வெளியே வந்தவர் முன்னாள் ஜிம்னாஸ்ட் ரேச்சல் டென்ஹாலண்டர், அதை வெளிக்கொண்டு வந்தது இண்டியானாபொலிஸ் ஸ்டார் பத்திரிகை. புகார்களை விசாரிக்கிற சேஃப்ஸ்போர்ட் மையத்தில் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, முடிவு வர வருடக்கணக்காகிறது என்ற குற்றச்சாட்டும் இன்றுவரை ஓயவில்லை.

பிரபலங்கள் மனநலம் பற்றிப் பேசினால் பிள்ளைகளின் மனநலம் மேம்படுமா? இதில்தான் நான் நிதானமாக இருப்பேன். டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா 2021 பிரெஞ்சு ஓப்பனிலிருந்து விலகியது, நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தற்கொலை எண்ணம் வந்ததைப் பற்றிப் பேசியது, பைல்ஸ் 2016இல் ஹேக்கர்கள் தன் மருத்துவக் குறிப்பைக் கசியவிட்டபோது ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவுக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நேராகச் சொன்னது, இவையெல்லாம் பேச்சைத் தொடங்கிவைக்க உதவுகின்றன. என் அறைக்கு வருகிற பிள்ளைகள் “அவங்களுக்கே இப்படி வந்துச்சாமே” என்று ஆரம்பிப்பது உண்டு. ஆனால் பேச்சு தொடங்குவது வேறு, சிகிச்சை கிடைப்பது வேறு. பேசத் துணிந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆலோசகர் இல்லையென்றால் அந்தத் துணிச்சல் வீணாகிப்போகும். விளம்பரத்தையும் அக்கறையையும் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். 2021இல் பைல்ஸ் பெரிய பொறுப்பில் சேர்ந்த செரிப்ரல் என்கிற ஆன்லைன் மனநல நிறுவனம், நோயாளிகளின் அந்தரங்கத் தகவல்களை விளம்பரத்துக்காக வெளி நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது, 2024இல் அந்த நிறுவனம் 70 லட்சம் டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது. அதற்கு அவர் பொறுப்பு என்று சொல்லவில்லை. ஒரு வீராங்கனை பெயர் கொடுத்திருக்கிறார் என்பதற்காக ஒரு செயலியிலோ மையத்திலோ பிள்ளையைச் சேர்க்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பாரிஸ் 2024ஐக் காட்டி “பார், திரும்பி வந்து மூன்று தங்கம் வாங்கினாரே, அதனால் அன்றைக்கு விலகியது சரிதான்” என்று சிலர் சொல்வார்கள். அணிப் போட்டி நடந்த அன்று காலையில்கூட தன் தெரபிஸ்டோடு பேசிவிட்டுத்தான் களத்துக்குப் போனதாக அவர் சொன்னது உண்மை. ஆனால் நான் இந்த வாதத்தை ஏற்கமாட்டேன். அவர் திரும்பியே வராமல் போயிருந்தாலும் டோக்கியோ முடிவு சரிதான். பதக்கத்தைக் காட்டி நியாயப்படுத்தினால், பதக்கம் வாங்காத பிள்ளைக்கு “முடியாது” என்று சொல்ல உரிமையே இல்லை என்று ஆகிவிடும். 1989இல் வந்த ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கிற விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கிடைக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992இல் இதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதே தவிர இன்னும் உறுதி செய்யவில்லை. குழந்தை சொல்வதெல்லாம் நடக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, கேட்காமல் முடிவு எடுக்காதே என்கிறது.

இனி உங்கள் மகள். சோம்பல் என்றால் பொதுவாக எல்லாவற்றிலும் தெரியும்: வார்ம்அப், ஓட்டம், நீட்டிப்புப் பயிற்சி எல்லாமே சலிப்பாக இருக்கும், வீட்டில் ஃபோன் பார்க்கும்போது சரியாகிவிடும். நீங்கள் எழுதியதில் அவள் மறுப்பது வால்டை மட்டும். ஒரே ஒரு கருவியை, ஒரே ஒரு அசைவைத் தவிர்க்கிற பிள்ளையைப் பார்த்தால், விழுந்திருக்கலாம், விழப்போய்த் தப்பித்திருக்கலாம், இன்னொரு பிள்ளை விழுந்ததைப் பார்த்திருக்கலாம், காற்றில் நிதானம் தவறியிருக்கலாம் என்று முதலில் யோசிப்பேன். அதோடு வளர்ச்சியையும் பாருங்கள். இந்த வயதில் உயரம் திடீரென்று கூடும், நேற்றுவரை பழகிய உடம்பு இன்று வேறு உடம்பாக இருக்கும், பழைய வித்தைகள் தடுமாறும். அப்படியென்றால் தீர்வு எளிது. சில வாரம் முறுக்கு இல்லாத அடிப்படைக்குத் திரும்பி, மெத்தைக் குழியில், உயரம் குறைத்து, படிப்படியாக ஏற்ற வேண்டும். எந்த நல்ல கோச்சும் இதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்காமல், எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து “பயந்தாங்கொள்ளி” என்கிறவர் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் மையத்தை மாற்றிவிடுவேன்.

மறுப்பு கருவியைச் சுற்றி இல்லாமல் ஒரு ஆளையோ ஒரு கிழமையையோ சுற்றி இருந்தால் இன்னும் கவனம் தேவை. என்னிடம் வந்த ஒரு நீச்சல் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி வரும். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. பேசப் பேசத் தெரிந்தது, அன்றைக்குத்தான் எடை பார்ப்பார்கள், எடையை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படிப்பார்கள், முந்தின நாள் மதியத்திலிருந்தே அவள் சாப்பிடுவதில்லை. மாதவிடாயும் நின்றுபோயிருந்தது. கடுமையாகப் பயிற்சி செய்கிற பெண் பிள்ளைகளுக்கு அது சகஜம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சகஜம் இல்லை. செலவாகிற சக்திக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கான அடையாளம் அது, எலும்பு வரைக்கும் பாதிக்கும். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும், 15 வயதாகியும் முதல் மாதவிடாயே வராவிட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மகளிடம் பேசும்போது “ஏன் செய்யமாட்டேங்கிறே” என்று கேட்காதீர்கள், அது விசாரணை மாதிரி இருக்கும், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். “வால்டுக்கு ஓடும்போது எந்த இடத்துல பயம் வருது?” என்று கேளுங்கள். எங்கே, எப்போது, யார் இருக்கும்போது என்று கேட்டால் பிள்ளைகள் ஆச்சரியமான துல்லியத்தோடு சொல்வார்கள். வண்டியில் போகும்போது, பாத்திரம் துடைக்கும்போது, முகத்துக்கு நேராகப் பார்க்காத நேரத்தில் கேட்பது நல்லது. பதில் வந்ததும் உடனே தீர்வு சொல்ல வேண்டாம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு கேள்வி கேளுங்கள். பைல்ஸ் பெயரைச் சொல்கிறாள் என்றால் அதற்காகத் திட்டவும் வேண்டாம். தன் சொந்த வார்த்தையில் சொல்லத் துணிவில்லாமல், பெரியவர்கள் மதிக்கிற ஒரு பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்.

மையத்தில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு. பயிற்சியைப் பெற்றோர் எந்த நாளும் பார்க்கலாமா? பிசியோவோ மசாஜோ செய்யும்போது இன்னொரு பெரியவர் கூட இருப்பாரா, என்ன செய்கிறார் என்பது கண்ணில் படுமா? கோச் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறாரா, இல்லை பெற்றோர் இருக்கிற குழுவில் மட்டும்தானா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் அறை யாரோடு? பெரியவரும் பிள்ளையும் தனியாகச் சந்திக்க வேண்டியிருந்தால் அது மற்றவர் பார்க்கவும் நடுவில் நுழையவும் முடிகிற இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பதை அமெரிக்காவில் நாசர் விவகாரத்துக்குப் பிறகு விதியாகவே வைத்துவிட்டார்கள். இதைக் கேட்டால் நல்ல மையத்துக்காரர்கள் கோபப்பட மாட்டார்கள்.

நம் ஊரில் இதெல்லாம் நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது, 2021இல் சென்னையிலேயே ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானார். 2012இல் வந்த அந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் எவரும், அது கோச்சோ, வார்டனோ, ஆலோசகரான நானோ, காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. பெற்றோர் பயப்படுகிற அளவுக்குப் பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்க வேண்டியதும் இல்லை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோ, சீருடை போடாமல் வந்து, கூடிய மட்டும் ஒரு பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும், பெயரை வெளியிடக் கூடாது. 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, அதுவும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்கள் மகளுக்கு வால்ட் பயம் மட்டும்தான் என்றால் இந்த எண்கள் தேவைப்படாமலே போகும், ஆனாலும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும், உங்கள் நம்பரோடு சேர்த்து.